பெருங்களத்தூரில் பிறந்த காரின் பின்சக்கரம்

சென்னையை அடுத்த வண்டலூரில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால் கண்டிகை, மாம்பாக்கம், புதுப்பாக்கம் தாண்டிக் கேளம்பாக்கம் வரும். ஒரு காலத்தில் உப்பளங்களால் அறியப்பட்ட ஊர். இன்று அந்தச் சாலையில் கல்லூரிப் பேருந்துகளும் ஐ.டி. ஊழியர்களின் கார்களும்தான் நிறைந்திருக்கின்றன. கார் பெருகிய இடத்தில் டயர்க் கடையும் பெருகும். டயர்க் கடையில் அடிக்கடி கேட்கும் புகார், "முன்னாடி ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, பின்னாடி மட்டும் உள்பக்கமா தேயுது" என்பது.

இந்தப் புகாருக்குள் இருக்கும் பொறியியல் சிக்கல் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. இங்கிருந்து அரை மணி நேரத் தொலைவில், பெருங்களத்தூர்–வண்டலூர் எல்லையில், ஒரு கார்த் தொழிற்சாலை இருந்தது. பின்சக்கரத்தின் சாய்வுக்காகவே தன் காரின் பின்பாதியை அது மாற்றி அமைத்தது.

ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948இல் தொடங்கப்பட்டது. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி அதன் கூட்டாளி. வேன்கார்டு, ஸ்டாண்டர்ட் டென், பென்னன்ட் என்று சில கார்கள் வெளிவந்த பிறகு, 1961இல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வந்தது. இந்தியர்கள் புதுக் கார் வாங்க வேண்டுமென்றால் அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் என்ற மூன்று பெயர்களுக்குள்தான் தேட வேண்டியிருந்த காலம் அது. மூன்றில் அழகானது ஹெரால்டுதான். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கலோட்டி வரைந்த உடல். 948 சிசி எஞ்சின். ஏறக்குறைய ஏழரை மீட்டர் வட்டத்துக்குள் திரும்பிவிடும் லாவகம். மயிலாப்பூரின் குறுகிய மாடவீதியிலும் ஒரே மூச்சில் திருப்பிவிடலாம்.

அதன் பின்பக்கம்தான் வம்பு. அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே இரும்பு அச்சு சேர்த்துப் பிடித்திருக்கும். அச்சு இரண்டு பக்கமும் பட்டை ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும். ஹெரால்டில் அப்படி இல்லை. நடுவில் டிஃபரன்ஷியல் சட்டத்தோடு பொருத்தப்பட்டிருக்கும். அதிலிருந்து இடமும் வலமுமாக இரண்டு அரை அச்சுகள், ஒவ்வொன்றின் உள்முனையிலும் ஒரு யுனிவர்சல் ஜாயின்ட். மேலே குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது, கீல் போட்ட கதவு போல அந்த ஜாயின்ட்டை மையமாக வைத்து வளைவில் நகரும்.

வளைவில் நகரும் சக்கரம் நிமிர்ந்தே நிற்க முடியாது. காரில் ஆள் இல்லாதபோது ஏறக்குறைய நேராக நிற்கும். பின்சீட்டில் மூன்று பேர் ஏறி, டிக்கியில் மூட்டையும் ஏறினால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும். டயரின் உள்விளிம்பு மட்டும் சாலையில் அழுந்தித் தேயும். ஸ்பிரிங் பழசாகித் தொய்ந்துபோனால் ஆளே ஏறாவிட்டாலும் அதே சாய்வுதான். ஆங்கிலேயக் குடும்பம் இரண்டு பேராக ஞாயிற்றுக்கிழமை உலாப் போவதற்கு அமைத்த பின்பக்கத்தை, எட்டுப் பேர் கொண்ட வீட்டின் திருப்பதிப் பயணத்துக்கு அனுப்பினால் டயர் என்ன செய்யும்? 1960களின் பிற்பகுதியில் இந்தியாவுக்கென்றே நான்கு கதவு ஹெரால்டு வந்ததும் பின்சீட்டில் ஏறுவது இன்னும் சுலபமாயிற்று. பாரமும் அங்கேதான் சேர்ந்திருக்கும்.

தேய்மானத்தை விடப் பெரிய ஆபத்தும் இந்த அமைப்பில் உண்டு. வேகமாகத் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உடலுக்கு அடியில் மடங்க முயலும், கார் எம்பும். அமெரிக்காவில் செவர்லே கோர்வேரின் பின் அச்சில் இருந்த இதே இயல்பைத்தான் வழக்கறிஞர் ரால்ஃப் நேடர் 1965இல் வெளியிட்ட புத்தகத்தில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். முன் டயரில் 15 பவுண்டு, பின் டயரில் 26 பவுண்டு என்று காற்று வைத்தே சமாளிக்கச் சொன்ன கார் அது. இங்கிலாந்தில் ஹெரால்டின் மூலக் காரை உருவாக்கிய டிரையம்ஃப் நிறுவனமும் 1970இல் இதே பின் அமைப்புக் கொண்ட ஸ்பிட்ஃபயர் காருக்குக் குறுக்கு ஸ்பிரிங்கை மாற்றி அமைத்தது.

இந்தியாவில் தீர்ப்புச் சொன்னவர்கள் மெக்கானிக்குகளும் கார் வைத்திருந்தவர்களும்தான். ஊசலாடும் அந்த அச்சின் மேல் அவர்களுக்கு நம்பிக்கை வரவே இல்லை. பெருங்களத்தூர்த் தொழிற்சாலை அதைக் காதில் வாங்கியது. 1970களின் தொடக்கத்தில் ஹெரால்டின் சட்டத்தையும் எஞ்சினையும் அடிப்படையாக வைத்து இங்கேயே உருவாக்கிய ஸ்டாண்டர்ட் கெஸலில், பின்பக்கம் ஒரே இரும்பு அச்சுக்குத் திரும்பிவிட்டார்கள். ஏட்டளவில் பார்த்தால் இது பின்னடைவு போலத் தெரியும்: தனித்தனியாக இயங்கிய சக்கரங்களை மறுபடி சேர்த்துக் கட்டிவிட்டார்களே என்று. அப்படிச் சொல்வது நியாயமில்லை. ஒரே அச்சில் பாரம் எவ்வளவு ஏறினாலும் சமதரையில் சக்கரம் நிமிர்ந்தே நிற்கும். டயர் முழு அகலத்துக்கும் தேயும். சுத்தியலும் ஸ்பேனரும் மட்டும் உள்ள ஒர்க்‌ஷாப்பிலும் வேலை முடியும். பாரத்தையும் சாலையையும் பட்டறையையும் கணக்கில் எடுத்துச் செய்த பொறியியல் அது. அந்தத் தொழிற்சாலையின் மிகச் சிறந்த முடிவு என்றே அதைச் சொல்லலாம்.

கெஸல் குறைந்த எண்ணிக்கையிலேயே வந்து 1977இல் நின்றது. 1985இல் ரோவர் எஸ்.டி.1 காரின் உடலோடு ஸ்டாண்டர்ட் 2000 வந்தது. 1977ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கார் விருதைப் பெற்ற அந்த ரோவரின் பின்பக்கத்திலும் ஒரே அச்சுதான்! ஆனால் பழைய வேன்கார்டு வழிவந்த எஞ்சினும் விலையும் சேர்ந்து ஸ்டாண்டர்ட் 2000ஐக் கவிழ்த்தன. 1988இல் உற்பத்தி முடிந்தது.

இன்று கேளம்பாக்கம் சாலையில் ஓடும் சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் பின்சக்கரங்களை முறுக்குக் கம்பி போல முறுகிக் கொடுக்கும் ஒற்றை உத்திரம் தாங்குகிறது. கெஸலின் அச்சுக்கும் ஹெரால்டின் ஊசலுக்கும் நடுவில் நிற்கும் சமரசம் இது. நல்ல நிலையில் இருந்தால் தொல்லை தராது. வேகத்தடையில் தூக்கிப் போட்டோ, மழைநீர் மூடிய பள்ளத்தில் இறங்கியோ லேசாக வளைந்துவிட்டால், சக்கரச் சாய்வை அளக்கும் கணினியின் திரையில் சிவப்பாக எண் வரும். முன்சக்கரத்தைப் போலத் திருகிச் சரிசெய்யப் பின்னால் பெரும்பாலும் வசதி கிடையாது.

அதனால்தான் பழகிய மெக்கானிக்குகளின் கைகள் இன்னும் டயரைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கணினியை நம்புகின்றன. ஒரு விளிம்பு மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால் சாய்வு. ஒரு பக்கம் தடவினால் வழுக்கி, எதிர்ப்பக்கம் தடவினால் ரம்பம் போல உறுத்தினால் சக்கரம் நேராக உருளவில்லை. குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பர் செத்துவிட்டது அல்லது பேலன்சிங் போய்விட்டது. இரண்டு விளிம்பும் சமமாகத் தேய்ந்திருந்தால் காற்று குறைவு, அவ்வளவுதான். இந்தச் சோதனையைச் செய்யாமல் புது டயர் போட்டால், அந்தப் புது டயரும் அதே விளிம்பில்தான் தேயத் தொடங்கும்.