வன்னியும் கேஜ்ரியும்

நம்ம ஊர்ப் பிள்ளையார் கோயிலில் சுற்றி வந்து கும்பிட்ட வன்னிமரமும், ஜோத்பூரைத் தாண்டினால் கம்பங்கொல்லைகளில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிற்கின்ற கேஜ்ரியும் ஒரே மரந்தான். ராஜஸ்தானில் பல வருஷமாக இருந்துகொண்டிருக்கும் நம் குடும்பங்களில்கூட இது பலருக்குத் தெரிவதில்லை. தாவரவியலார் இதனைப் புரோசோபிஸ் சினெரேரியா என்பர். வடமொழியில் சமி, கன்னடத்தில் பன்னி, தெலுங்கில் ஜம்மி, பஞ்சாபியில் ஜண்ட். மைசூர் தசரா ஊர்வலம் போய் முடிகிற பன்னிமண்டபம் என்ற இடத்தின் பெயரில் இருப்பதும் நம் வன்னியே. பெயர் ஊருக்கு ஊர் மாறினாலும் விஜயதசமி அன்று எல்லா ஊரிலும் இதற்கு மரியாதை உண்டு. பாண்டவர் அஞ்ஞாதவாசத்தின்போது ஆயுதங்களை ஒளித்து வைத்தது சமி மரத்தில் என்ற பாரதக் கதையே அதற்குக் காரணம். கொங்கு நாட்டுக் கோயில்களில் அன்றைக்குச் சுவாமி புறப்பட்டு வந்து அம்பு போடுவதும் வன்னியை வைத்துத்தான்.

தமிழ்நாட்டில் இம்மரம் பெரும்பாலும் கோயில் மரம். விருத்தாசலத்தில் தலவிருட்சம் இதுவே. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 64-ஆம் படலத்தில், வணிகப் பெண்ணொருத்தியின் திருமணத்திற்குச் சாட்சி சொல்ல வன்னியும் கிணறும் இலிங்கமும் மதுரைக்கே வந்துவிடுகின்றன! வன்னி என்றால் நெருப்பு என்றும் பொருள். யாகத் தீயைக் கடைந்தெடுக்கும் அரணிக் கட்டைக்கும் சமிக்கும் வைதிக மரபில் நெருங்கிய தொடர்பு உண்டு. ஆனால் வன்னியை நம்மவர் யாரும் சமைத்துச் சாப்பிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. கும்பிட்டதோடு சரி.

மார்வாரில் அப்படியில்லை. இங்கே அது வயிற்றோடு சம்பந்தப்பட்ட மரம். இளங்காயை சாங்கரி என்பர். அதைப் பறித்து வேகவைத்து உலர்த்தி, கேர் என்னும் பாலைவனக் காயோடு சேர்த்துச் செய்கிற கறி இல்லாமல் கல்யாணப் பந்தி கிடையாது. ஒரு காலத்தில் ஏழை வீட்டுக் கறியாக இருந்த உலர்ந்த சாங்கரி, இன்று சந்தையில் கிலோ ஆயிரம் ரூபாய்கூட விற்கிறது. இலையை லூங்க் என்று சொல்லி ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் போடுகிறார்கள். ஆணிவேர் 20 மீட்டருக்கும் கீழே இறங்கித் தண்ணீர் தேடுவதால், மற்றதெல்லாம் காய்ந்து கிடக்கும் கோடையில் கேஜ்ரி மட்டும் புதுத்துளிர் விடும். வயலுக்கு நடுவே மரம் நின்றால் பயிர் கெட்டுவிடும் என்பது பொதுவான எண்ணம். இங்கோ உழவர் மரத்தை விட்டுவிட்டுச் சுற்றி உழுகிறார். பயறு வகைக் குடும்பத்து மரமாதலால் மண்ணில் தழைச்சத்து சேருகிறது; அதன் அடியில் கம்பு நன்றாகவே வருகிறது. 1868-69 ராஜபுதனப் பஞ்சத்தில் பட்டையை இடித்து மாவாக்கி ரொட்டி சுட்டுத் தின்று உயிர் பிழைத்தவர்கள் ஏராளம்.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் கேஜர்லி கிராமத்து வரலாற்றைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. 1485-இல் ஜாம்போஜி தோற்றுவித்த பிஷ்ணோய் நெறிக்கு 29 விதிகள். பச்சை மரத்தை வெட்டக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. 1730-இல் ஜோத்பூர் மகாராஜா அபய் சிங்கின் அரண்மனைக் கட்டடத்திற்குச் சுண்ணாம்பு சுட விறகு தேவைப்பட்டது. திவான் கிரிதர் பண்டாரியின் ஆட்கள் கோடாலியோடு கேஜர்லிக்கு வந்தனர். அம்ரிதா தேவி என்ற பெண்மணி மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார், தலை போயிற்று. அடுத்து அவருடைய மூன்று பெண்கள். செய்தி பரவ, சுற்றுவட்டாரத்துப் பிஷ்ணோய் மக்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து நின்று மாண்டனர். மொத்தம் 363 பேர் என்பது அவர்கள் மரபு. பிறகு மகாராஜா வெட்டுவதை நிறுத்தி, பிஷ்ணோய் கிராமங்களில் மரம் வெட்டத் தடை விதித்தார்.

1973-இல் இமயமலைப் பக்கம் எழுந்த சிப்கோ இயக்கத்துக்கு இதை முன்னோடியாகச் சொல்வது வழக்கம். சரிதான். ஆனால் சுற்றுச்சூழல் என்ற சொல்லே இல்லாத காலத்து ஜனங்கள் அவர்கள். குருவின் வாக்கு ஒரு பக்கம், பஞ்சத்தில் சோறு போடும் மரம் என்ற அனுபவம் இன்னொரு பக்கம்; இரண்டையும் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

கௌரவங்களுக்குக் குறைவில்லை. 1983-இல் ராஜஸ்தானின் மாநில மரமாயிற்று. 2014-இல் பிறந்த தெலங்கானாவும் ஜம்மியையே மாநில மரமாக வைத்துக்கொண்டது. ஐக்கிய அரபு அமீரகத்தில் காஃப் என்று தேசிய மரமாக இருப்பதும் இதுவே. துபாயில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் நிழலுக்கு ஒதுங்குவது வன்னிக்கடியில்தான் என்று ஊரில் பாட்டிமாரிடம் சொன்னால் நம்புவார்களா!

மரத்தின் நிலைமை வேறு. ஆழ்துளைக் கிணறுகளால் நிலத்தடி நீர் இறங்கிவிட்டது. வேரைத் துளைக்கும் வண்டும் பூஞ்சை நோயும் சேர்ந்துகொள்ள, பல மாவட்டங்களில் நின்றபடியே பட்டுப்போகின்றன. டிராக்டர் உழவில் இளங்கன்று தப்புவதுமில்லை. போதாததற்கு, நல்லதற்கென்று வந்த சூரியமின் திட்டங்களுக்காகவும் பீகானேர் பக்கம் கேஜ்ரிகள் சாய்க்கப்பட்டன. 2024-இல் அங்கே கிராமத்தார் தர்ணாவில் உட்கார்ந்தார்கள். அப்போது அவர்கள் திரும்பத் திரும்பக் காட்டியது 1955-ஆம் வருஷத்துக் குத்தகைச் சட்டத்தை: கேஜ்ரியை வெட்டியவருக்கு முதல் தடவை அபராதம் 100 ரூபாய்.

கேஜர்லியில் ஒவ்வொரு பாத்ரபத வளர்பிறைத் தசமியன்றும் மேளா கூடுகிறது. ஜோத்பூரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர்தான். காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.