தொகுப்பைத் தொகுப்பாக வாசித்தல்: சமகாலக் கவிதை மதிப்புரையில் ஒரு விடுபடல்

புதிதாக வெளிவரும் கவிதைத் தொகுப்பின் தகுதியை வாசகருக்கு எடுத்துரைக்கும் சிறு கட்டுரையான மதிப்புரை, தமிழில் இன்று பெரும்பாலும் கவிஞரின் பாடுபொருளைச் சொல்லி, மனங்கவர்ந்த நாலைந்து வரிகளை எடுத்துக்காட்டி, வாழ்த்தோடு நிறைவுறுகிறது. இது நூலாசிரியருக்கு வேண்டியவர் நூலுக்குள்ளேயே எழுதித்தரும் அணிந்துரையின் பணி. மதிப்புரையும் அதையே செய்யும்போது, எந்தக் கவிதை சேர்க்கப்பட்டது, எது விடப்பட்டது, எதன்பின் எது வைக்கப்பட்டது என்ற கேள்விகள் எழாமலே போகின்றன. கவிஞர் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தொகுப்பு 2002இல் வெளிவந்தபின் எழுந்த கண்டனங்கள் பெருமளவும் தலைப்போடு நின்றுவிட்டமை இந்தக் குறையின் மிகக் கடுமையான வடிவம்.

பாடல்களை வரிசைப்படுத்தும் அடைவு முறையைப் பொருளோடு சேர்த்தெண்ணும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. சங்க அகப்பாடல் தொகைநூலான அகநானூற்றில் ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் அனைத்தும், பிரிவைப் பொருளாகக் கொண்ட பாலைத்திணையைச் சார்ந்தவை. இரட்டைப்படையில் 2, 8 என முடிவன குறிஞ்சி, 4 என முடிவன முல்லை, 6 என முடிவன மருதம், பத்தின் மடங்குகள் நெய்தல். ஆகவே பாலையல்லாத பாடல் எதுவாயினும் ஒரு பாலைப் பாடலை அடுத்தே நிற்கிறது. களவின் கூடலைப் பாடும் குறிஞ்சிப் பாட்டைக்கூடப் பிரிவின் வெம்மை தணியுமுன்பே வாசிக்க நேர்கிறது. இது பாடிய புலவரின் செயலன்று, தொகுத்தோரின் செயல். இன்றோ கவிஞரே பெரும்பாலும் தொகுப்போராகவும் இருப்பதால், அடைவுக்கான பொறுப்பும் அவரையே சாரும்.

இதழ்களில் அவ்வப்போது வெளியானவற்றைச் சேர்த்ததே தொகுப்பு, அதில் அமைப்பைத் தேடுவது வீண் என்று மறுக்கலாம். அம்மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் அப்படிச் சேர்ந்த நூலே கவிஞரின் பழக்கங்களைத் தெளிவாகக் காட்டிக்கொடுக்கிறது. ஒரு பறவை சட்டெனப் பறந்துபோவதோடு முடியும் கவிதை இதழில் தனித்து நிற்கையில் நிறைவாகவே தோன்றும். அதே முடிப்பு ஒரே நூலில் ஏழெட்டு இடங்களில் மீளும்போது, அது அனுபவத்தின் முடிவா, கைப்பழக்கமா என்று கேட்கவேண்டியதாகிறது. வரிகளைப் பொறுக்கும் மதிப்புரைக்கு இது புலப்படவே வாய்ப்பில்லை.

தொகுப்பவர் கவிஞரல்லாதபோது நிலை மாறுகிறது. கவிஞர் ஆத்மாநாம் தம் வாழ்நாளில் வெளியிட்ட ஒரே தொகுப்பு ‘காகிதத்தில் ஒரு கோடு’ (1981). 1984இல் அவர் மறைந்தபின் கவிஞர் பிரம்மராஜன் தொகுத்த முழுத்தொகுப்பின் வழியாகவே பிற்கால வாசகர் அவரை அறிந்தனர். முன்னது கவிஞரின் தேர்வு. பின்னது எதையும் இழந்துவிடலாகாது என்ற அக்கறையில் பிறந்த சேமிப்பு. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளப்பவர், ஆத்மாநாம் நூலில் சேர்க்காத கவிதையின் தளர்வையும் அவர் கணக்கிலேயே எழுதிவிடுகிறார். அவரது மரணத்தை முன்னிறுத்தி 1981க்கு முந்தைய கவிதைகளிலும் அதன் நிழலைத் தேடுகிறார். முழுத்தொகுப்புக்கு மதிப்புரை எழுதுவோர், எந்தக் கவிதைகள் கவிஞரே நூலில் வைத்தவை என்பதை முதலில் பிரித்துச் சொல்லியாக வேண்டும்.