சமயப் போர் புனிதப் போராகுமா?

அறத்தின் பொருட்டுச் செய்யும் போரும் உண்டு; அறத்தின் பெயரைச் சூடிக்கொண்டு செய்யும் போரும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிதல் வரலாறு கற்போர்தம் கடன்.

இடைக்கால ஐரோப்பாவிற் சிலுவைப் போர்கள் புனிதப் போர்கள் எனப் போற்றப்பட்டன. 1095ஆம் ஆண்டிற் பாப்பரசர் இரண்டாம் ஊர்பன் விடுத்த அழைப்பைக் கேட்டு எழுந்தோருட் பலர் உள்ளன்போடு புறப்பட்டவரே. ஆயின், 1202இல் திரண்ட நான்காம் சிலுவைப்படை, வெனிசு நகரத்தாருக்குரிய கப்பற்கூலியைச் செலுத்த இயலாமையால், அவர் விருப்பின்படி சாரா என்னும் கிறித்தவ நகரையே தாக்கியது. 1204இற் கொன்சுதாந்திநோப்பிளைச் சூறையாடியது. அப்படையின் பெரும்பகுதி எருசலேமை அணுகவேயில்லை.

இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு ஈழநாட்டு வரலாறும் புறம்பன்று. சிலுவைப் போர்க்கால எண்ணங்கள் முற்றும் மறையாத நிலையிலேயே போர்த்துக்கேயர் பதினாறாம் நூற்றாண்டில் இங்கு வந்தனர். பிரான்சிசு சவேரியார் அனுப்பிய குருவினால் மன்னாரிற் பலர் கிறித்தவராயினர். 1544இல் யாழ்ப்பாணத்தரசன் முதலாம் சங்கிலி அவர்களுள் 600 பேர்வரையிற் கொல்வித்தான் என்பர். இதற்குச் சமய வெறுப்பு ஒன்றே காரணமன்று. எதிர்க்கரைப் பரதவர் 1530களிற் சமயம் மாறியவுடன் போர்த்துக்கேய மன்னனின் பாதுகாப்பிற்கு உட்பட்டனர். மன்னாரிலும் சமயமாற்றம் அரசமாற்றமாய் முடியும் என்று சங்கிலி அஞ்சினான். அவ்வச்சம் விளங்கிக்கொள்ளத்தக்கது, அக்கொலை பொறுக்கத்தக்கதன்று. செய்தவன் சைவன் என்பதனால் அதனை மூடி மறைத்தல் நடுநிலையாகாது.

இக்கொலைக்காகச் சங்கிலியை ஒறுத்தல் வேண்டுமெனச் சவேரியார் வற்புறுத்தினார். படையெடுப்பும் ஏற்பாடாயிற்று. அவ்வேளையிற் பெகுவிலிருந்து வந்த போர்த்துக்கேய அரச மரக்கலம் ஒன்று யாழ்ப்பாணக் கரையிலே தரைதட்டிற்று. அதன் சரக்குச் சங்கிலி கையிற் சிக்கியது. சரக்கை மீட்கும் பொருட்டுப் படையெடுப்புக் கைவிடப்பட்டது. புனிதமெனப்பட்ட போர் வாணிகத்திற்கு வழிவிட்டு நின்றது.

1560இல் அரசப்பிரதிநிதி கொன்சுதந்தீனு த பிரகன்சா கடற்படையோடு வந்து நல்லூரைக் கைப்பற்றினான். அங்கு நிலைகொள்ள இயலாது மீண்டபோது, முத்துவளக் கடலை அடுத்த மன்னார்த்தீவைத் தன்வயப்படுத்திக் கோட்டை அமைத்தான். ஆதாயமே எங்கும் ஆண்டது என இதனால் முடிவுகட்டலாமோ? அதுவும் பொருந்தாது. அப்படையெடுப்பிற் புத்தரின் பல் எனக் கருதப்பட்ட பொருளொன்று கோவைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அதற்குப் பெகு மன்னன் பெரும்பொருள் தர முன்வந்தான். அரசப்பிரதிநிதி இசையும் நிலையிலிருந்தும், சமயத் தலைவர் மறுத்து, 1561இல் அதனைப் பொடியாக்கி எரிப்பித்தனர் எனப் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் கூறுவர். பொன்னுக்கு விலைபோகாத நம்பிக்கை அது. எனினும், அந்நம்பிக்கை பிறர் வணங்கும் பொருளையே சாம்பலாக்கியது. ஆதாயம் நோக்கிய இடத்திற் போர் புனிதமாகவில்லை. நம்பிக்கை மெய்யாயிருந்த இடத்திலும் அது புனிதமாகவில்லை. 1620களிற் கோணேசர் கோயில் இடிக்கப்பட்டு அதன் கற்கள் திருக்கோணமலைக் கோட்டைக்குப் பயன்பட்டபோது இவ்விரண்டும் ஒருங்கே நின்றன.

அக்காலக் கூட்டுறவுகளும் சமய எல்லைக்குள் நிற்கவில்லை. சீதாவாக்கை மாயாதுன்னையும் கோட்டையரசன் ஏழாம் புவனேகபாகுவும் உடன்பிறந்தோர், இருவரும் பௌத்தர். தம்பிக்கு உதவியாகக் கோழிக்கோட்டு இந்து மன்னனாகிய சாமூதிரி முசுலிம் கடலோடிகளை அனுப்பினான். தமையனுக்குக் கிறித்தவராகிய போர்த்துக்கேயர் துணைநின்றனர். பின்னர், கண்டியரசனின் துணையோடு 1656இற் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும் கிறித்தவரே. அதனை இழந்த போர்த்துக்கேயரும் கிறித்தவரே.

ஒல்லாந்தராட்சியிற் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. அந்நிலையில் 1687இற் கோவையிலிருந்து மறைவாக வந்த யோசேப்பு வாசு அடிகள், 1692இற் கண்டியை அடைந்தபோது ஒற்றனென ஐயுறப்பட்டுச் சிறையிடப்பட்டார். நாளடைவிற் பௌத்த மன்னனாகிய இரண்டாம் விமலதர்மசூரியன் அவர்தம் தூய்மையை உணர்ந்து ஆதரவளித்தான். 1697இற் கண்டியில் அம்மைநோய் பரவியபோது, பலரும் அஞ்சி விலகிய நோயாளரை அடிகள் தம் கையாற் பேணினார். கோட்டைகளும் படைகளும் தேடித்தராத நன்மதிப்பை அத்தொண்டு அவர் சமயத்துக்குத் தேடித்தந்தது. புனிதம் என்னும் சொல்லுக்குரிய இடம் யாது என்பதனை இந்நிகழ்ச்சி உணர்த்துமன்றோ?