வட சென்னையும் அயல்நாட்டு முதுநிலைக் கல்வியும்: உதவித்தொகைக்கு முன்னும் பின்னும்

1860 அக்டோபர் 12 அன்று ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் 342 ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் புறப்பட்டது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற முதல் இந்தியத் தொழிலாளர்கள் அவர்களே. இன்றைய செயற்கைத் துறைமுகம் அப்போது கட்டப்பட்டிருக்கவில்லை. தொடர்ந்து வந்த ஆண்டுகளில் இக்கரையிலிருந்து கடல் கடந்து சென்றவர்களில் கணிசமானோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்கள் எடுத்துச் சென்றது கூலி ஒப்பந்தம்.

அதே கடற்கரையை ஒட்டிய இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளின் தலித் மாணவர்கள் இன்று பல்கலைக்கழகச் சேர்க்கைக் கடிதத்துடன் வெளிநாடு செல்ல முயல்கின்றனர். அவர்களுக்காக மத்திய, மாநில அரசுகளின் உதவித்தொகைகள் உள்ளன. ஆயினும் அந்தப் பணம் தேவைப்படும் நாளில் கைக்கு வருகிறதா என்பதே ஒரு மாணவரின் பயணத்தைத் தீர்மானிக்கிறது.

அம்பேத்கரின் முன்னுதாரணம்

1913 இல் பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட், மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் மூன்றாண்டுகளுக்கு உதவித்தொகை வழங்கி அம்பேத்கரைக் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். படிப்பு முடிந்ததும் பரோடாவில் பணியாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. 1916 இல் அவர் இலண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917 இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. பரோடாவில் அரசுப் பணி கிடைத்தது, தங்க வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றிலிருந்தும் சாதியின் பெயரால் வெளியேற்றப்பட்டார். சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிச் சேமித்த தொகை, கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவி, நண்பர் நவல் பதேனாவிடம் பெற்ற கடன் ஆகியவற்றைக் கொண்டே 1920 இல் மீண்டும் இலண்டன் சென்றார்.

பாதியில் நிற்கும் நிதி, பணி நிபந்தனை, திரும்பி வந்ததும் காத்திருக்கும் சாதி என அவர் எதிர்கொண்ட இந்த மூன்று இடர்களும் நூறாண்டுகளுக்குப் பின்னும் மாணவர்களை விட்டு நீங்கவில்லை.

மத்திய அரசின் திட்டம்

சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை 1954-55 முதல் நடைமுறையில் உள்ளது. தற்போது ஆண்டுக்கு 125 இடங்கள். அவற்றுள் 115 பட்டியல் சாதியினருக்கு உரியவை. எஞ்சியவை சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற வேளாண் தொழிலாளர், மரபுவழிக் கைவினைஞர் ஆகியோருக்கு. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருத்தல், 35 வயதுக்கு உட்பட்டிருத்தல், தகுதிப் படிப்பில் 60 விழுக்காடு மதிப்பெண் பெற்றிருத்தல் ஆகியன முதன்மை நிபந்தனைகள்.

நாடு முழுமைக்கும் 115 இடங்கள் என்பதே மிகக் குறைவு. அவையும் முழுமையாகச் சென்று சேர்வதில்லை. 2025 இல் தேர்ந்தெடுக்கப்பட்ட 106 பேரில் 40 பேருக்கு மட்டுமே முதலில் தற்காலிக ஒப்புதல் கடிதம் அளிக்கப்பட்டது. மற்ற 66 பேருக்கு நிதி இருப்பைப் பொறுத்தே கடிதம் வழங்கப்படும் என்று ஜூலையில் அறிவிக்கப்பட்டது. செப்டம்பரில் வகுப்பு தொடங்கும் மாணவருக்கு இந்த அறிவிப்பின் பொருள், விசாவுக்கு விண்ணப்பிக்கவும் முடியாது, இடத்தைக் கைவிடவும் முடியாது என்பதே.

மற்றொரு தடை ஆய்வுப் பொருள் சார்ந்தது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூகவியல் ஆகிய தலைப்புகளில் ஆய்வு செய்வோர் இத்திட்டத்தில் உதவி பெற முடியாது என 2022 இல் விதி திருத்தப்பட்டது. கொலம்பியாவில் 1916 மே மாதம் அம்பேத்கர் வாசித்த கட்டுரை இந்தியாவில் சாதிகளின் தோற்றத்தைப் பற்றியது. இன்றைய விதிப்படி அந்த ஆய்வுக்கு இந்த உதவித்தொகை கிடைக்காது.

மாநில அரசின் திட்டம்

தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோருடன் கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடரையும் உள்ளடக்குகிறது. குடும்ப வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருப்பின் ஆண்டுக்கு 36 லட்சம் வரையிலும், 8 முதல் 12 லட்சத்துக்குள் இருப்பின் 24 லட்சம் வரையிலும் வழங்கப்படுகிறது.

இராயபுரம், எண்ணூர் பகுதிகளின் தலித் கிறித்தவ மாணவர்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமானது. 1950 ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதால், மத்திய அரசின் 115 இடங்களுக்கு அவர்கள் விண்ணப்பிக்க இயலாது.

பட்டா இல்லாதவரின் பிணை

உதவித்தொகை கிடைக்காதவருக்கு எஞ்சுவது வங்கிக் கடன். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி 7.5 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடனுக்குச் சொத்துப் பிணை தேவை. அயல்நாட்டு முதுநிலைப் படிப்பின் செலவு பெரும்பாலும் அதைத் தாண்டும். துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்து, புறம்போக்கு நிலத்திலோ வாரியக் குடியிருப்பிலோ வாழும் குடும்பத்திடம் வங்கி கேட்கும் பட்டா இருப்பதில்லை. இப்பகுதிக்கு அனல் மின் நிலையங்களும் இரசாயன ஆலைகளும் வந்தன. 2023 டிசம்பரில் எண்ணெய்க் கசிவும் அம்மோனியாக் கசிவும் அடுத்தடுத்து நேர்ந்தன. நில உரிமை மட்டும் பலருக்கு வரவில்லை. 2024 இல் அறிவிக்கப்பட்ட பிரதமரின் வித்யாலட்சுமி திட்டம் பிணையின்றிக் கடன் அளிக்கிறது. ஆனால் அது உள்நாட்டுக் கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே உரியது.

நாடுகள் கேட்கும் முன்பணம்

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் பருவத்துக்கு 1,500 யூரோ செலுத்த வேண்டும். ஆயினும் விசா பெற ஓராண்டுச் செலவுக்கென 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு ஏபிஎஸ் சான்றும் கட்டாயம். பிரிட்டனில் கட்டணத்துக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் உரிய தொகை தொடர்ந்து 28 நாட்கள் வங்கிக் கணக்கில் இருந்திருக்க வேண்டும். தாய்நாட்டு அரசு முழுச் செலவையும் ஏற்பதாகக் கடிதம் அளித்தால் இந்தச் சேமிப்பைக் காட்டத் தேவையில்லை. எனவே ஒப்புதல் கடிதம் வரும் தேதி பணத்துக்கு நிகரான மதிப்புடையது. 2024 ஜனவரி முதல் அங்கு பாடவழி முதுநிலை மாணவர்கள் பொதுவாகத் துணைவரையோ குழந்தைகளையோ உடன் அழைத்துச் செல்ல முடியாது என்பதையும், திருமணமான பெண்கள் குறிப்பாக, கருத்திற்கொள்ள வேண்டும்.

அயல்நாட்டிலும் சாதி

கடல் கடந்தால் சாதி கரையும் என்ற நம்பிக்கை தவறானது. அறை பகிரும்போதும் சங்க விழாக்களிலும் பெயரும் ஊரும் விசாரிக்கப்படுகின்றன. இதை எதிர்த்து நடந்த இயக்கங்களால் 2019 இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகமும், 2022 இல் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகமும் தம் பாகுபாட்டுத் தடை விதிகளில் சாதியைச் சேர்த்தன. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடைசெய்தது. அதே ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியாவின் இத்தகைய மசோதாவை ஆளுநர் நியூசம் நிராகரித்தார். பிரிட்டன் அரசு 2018 இல் தனிச் சட்டப்பிரிவு தேவையில்லை என முடிவெடுத்தது. எனவே சேரவிருக்கும் பல்கலைக்கழகத்தின் விதிகளில் சாதி இடம்பெற்றுள்ளதா என்பதை மாணவர் முன்னரே அறிந்துகொள்வது நன்று.

செய்ய வேண்டியவை

வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பாரதி மகளிர் கல்லூரி, சர் தியாகராயா கல்லூரி போன்றவற்றில் பயில்வோர் இறுதியாண்டின் தொடக்கத்திலேயே ஆயத்தமாக வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, கடவுச்சீட்டு மூன்றிலும் பெயரும் தந்தை பெயரும் எழுத்துப் பிசகின்றி ஒத்திருக்க வேண்டும். ஆங்கிலத் தேர்வுகளுக்குத் தாட்கோ வழங்கும் இலவசப் பயிற்சியைப் பயன்படுத்தலாம். தகுதியுள்ளோர் மத்திய, மாநிலத் திட்டங்கள் இரண்டுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். ஒப்புதல் தாமதமானால், சேர்க்கையை அடுத்த பருவத்துக்கு ஒத்திவைக்குமாறு பல்கலைக்கழகத்திடம் எழுத்துப்பூர்வமாகக் கோர வேண்டும்.

இயக்கங்களின் கோரிக்கைகளும் தெளிவாக இருத்தல் வேண்டும். தேர்வான அனைவருக்கும் விசா காலக்கெடுவுக்கு முன்பே ஒப்புதல் கடிதமும் முதல் தவணையும் வழங்கப்பட வேண்டும். ஆய்வுப் பொருள் தடை நீக்கப்பட வேண்டும். நிலவுரிமை மறுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சொத்துப் பிணைக்கு மாற்றாக அரசே உத்தரவாதம் அளிக்க வேண்டும்.