ஆப்பிரிக்க ஆண்டு (1960)

1960ஆம் ஆண்டு 'ஆப்பிரிக்க ஆண்டு' என அழைக்கப்படுகிறது. அவ்வாண்டில் 17 ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை அடைந்தன. அவற்றுள் 14 நாடுகள் பிரான்சின் ஆட்சியில் இருந்தவை. சனவரி 1இல் கமரூனில் தொடங்கிய இவ்வரிசை, நவம்பர் 28இல் மூரித்தானியாவுடன் நிறைவுற்றது.

பெல்சியம் கொங்கோவை ஆயத்தப்படுத்தாமலே வெளியேறியது. சூன் 30இல் விடுதலை பெற்றபோது அந்நாட்டுப் படையில் கொங்கோ அதிகாரி ஒருவர்கூட இல்லை. சில நாட்களில் படைவீரர்கள் கலகம் செய்தனர். சூலை 11இல் செம்பு வளம் மிக்க கட்டாங்கா தனிநாடாகப் பிரிவதாக அறிவித்தது. முதல் பிரதமர் பத்திரிசு லுமும்பா 1961 சனவரியில் கொல்லப்பட்டார்.

ஆயினும், ஆயத்தமின்மையைக் காட்டி விடுதலையைத் தள்ளிப்போடக்கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை திசம்பர் 14இல் தீர்மானித்தது. 89 நாடுகள் ஆதரித்த அத்தீர்மானத்தை எந்த நாடும் எதிர்க்கவில்லை. பிரித்தானியா, பிரான்சு, பெல்சியம் உள்ளிட்ட 9 நாடுகள் நடுநிலை வகித்தன.