அறுநூறு என்னும் மரத்தின் வம்சாவளி

நேயர்களே, தோட்டத்தில் பால்மரம் சீவியவர்களுக்கு ‘அறுநூறு’ என்றால் உடனே விளங்கும். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்பது அதன் முழுப்பெயர். நம் வீடுகளில் எத்தனையோ அடுப்புகளை எரியவைத்த மரம் அது. அதற்குத் தாய் யார், தகப்பன் யார் என்று கேட்டால் நம்மில் பலருக்குத் தெரியாது. அந்த வம்சாவளியைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

1876-ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டின் தப்பஜோஸ் ஆற்றுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசேர்த்தார். முளைத்தவை சுமார் 2,700 மட்டுமே. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9 கோலாகங்சாரில் நடப்பட்டன. பிற்காலத்தில் மலாயாவை மூடிய ரப்பர்க் காடுகளில் பெரும்பாலானவை விக்கம் கொணர்ந்த விதைகளின் வழித்தோன்றல்களே. பரந்த அமேசான் காட்டின் ஒரு மூலையிலிருந்து எடுத்த ஒரு பிடி விதை! இதைச் சற்று நினைவில் வைத்திருங்கள்.

விதை போட்டு வளர்த்த அந்தக் கால மரங்கள் ஒரே தரமாக இருக்கவில்லை. ஒரே நிரையில் ஒரு மரம் மங்கு நிறையப் பால் கொடுக்கும். பக்கத்து மரத்தில் அடி நனைந்தாலே பெரிது. எந்த மரம் நல்ல மரம் என்று கண்டறிய, மரம் மரமாகப் பாலை அளந்து, மாதக்கணக்கில் பதியவேண்டும். கணக்கேட்டில் எழுதியவர் கிராணி, ஆராய்ந்தவர் அதிகாரி. ஆனால் விடிவதற்கு முன் எழுந்து, பட்டை காயம்படாமல் சீவிப் பால் இறக்கியவர்கள் தொழிலாளர்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஆராய்ச்சி நூல்களில் அவர்கள் பெயர் வருவதில்லை. வந்திருக்கவேண்டும் என்பது என் கருத்து.

காஜாங்குக்கு அருகே பிராங் புசார் என்றொரு தோட்டம் இருந்தது. முதல் உலகப்போரில் பங்குகொண்ட ஆங்கிலேய அதிகாரிகள் 1921-இல் தொடங்கியது. ‘பெரும் போர்’ என்பதே அம்மலாய்ப் பெயரின் பொருள். நல்ல மரங்களைத் தேர்ந்து பெருக்குவதில் அத்தோட்டம் பேர்பெற்றது. அங்கே தேறியதுதான் பி.பி. 86. ஜாவாவில் தேறிய இன்னொரு மரம் ஜிர் 1. 1925-இல் அமைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், கோலாலம்பூரில் அலுவலகமும் சுங்கை பூலோவில் சோதனைத் தோட்டமுமாக இயங்கியது. 1937-லிருந்து 1941 வரை அக்கழகம் செய்த கலப்புகளில் ஜிர் 1 தாயாகவும் பி.பி. 86 தகப்பனாகவும் அமைந்து பிறந்த பிள்ளையே நம் அறுநூறு.

கலப்பு என்றால் கையால் மகரந்தம் வைப்பது. நூறு பூவுக்கு ஒரு சிலவே காய்பிடிக்கும். ரப்பர் மரத்தின் உயிரணுவில் 36 குரோமோசோம்கள் உண்டு. 18 தாய்வழி, 18 தகப்பன்வழி. ஒரே பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை அல்லவா? மரத்திலும் அப்படியே. பல பிள்ளைகளை வளர்த்து, சீவிப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தார்கள். இதற்கிடையே ஜப்பானியர் ஆட்சி வேறு வந்துபோனது. 1960-களில்தான் அறுநூறு தோட்டம் தோட்டமாகப் பரவியது. பழைய விதைமரங்கள் ஆண்டுக்கு ஹெக்டருக்கு 500 கிலோவுக்கும் குறைவாகத் தந்த இடத்தில் இது 1,500 கிலோவைத் தாண்டியது. மூன்று மடங்கு பால் மூன்று மடங்கு கூலியாக வீட்டுக்கு வந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள்!

இனி அபாயத்தைப் பார்ப்போம். அறுநூறு விதையால் பெருகவில்லை. கண் ஒட்டிப் பெருக்கப்பட்டது. ஆகவே ஒரு வெட்டுக்காட்டில் நிற்கும் ஆயிரம் மரமும், வேரை விட்டுப் பார்த்தால், உண்மையில் ஒரே மரம். ஒன்றைக் கொல்லும் நோய் அனைத்தையும் கொல்லும். அமேசான் காட்டில் ரப்பர் மரங்கள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் தள்ளி, பிற மரங்களுக்கு நடுவே நிற்கின்றன. அங்கே இலைக்கருகல் பூசணம் உண்டு. ஆனால் மரத்துக்கு மரம் தாவுவது எளிதல்ல. 1928-இல் ஹென்றி ஃபோர்டு அதே காட்டில் மலாயாவைப்போல் நெருக்கி நட்டார். 1930-களில் நோய் தோட்டத்தை வழித்தெடுத்தது. 1945-இல் அதை பிரேசில் அரசிடமே விற்றுவிட்டார். அந்தப் பூசணம் இதுவரை நம் நாட்டில் காலூன்றவில்லை.

அதனால்தான் 1981-இல் பல நாட்டு அறிஞர்கள் அமேசானின் மேற்குப் பகுதிகளுக்குச் சென்று 64,000-க்கும் மேற்பட்ட விதைகளைத் திரட்டினார்கள். மலேசியாவுக்கும் ஒரு பங்கு வந்தது. அவற்றில் பல மரங்கள் பால் குறைவாகவே தருகின்றன. ஆனால் விக்கமின் விதைகளில் இல்லாத குணங்கள் அவற்றில் இருக்கக்கூடும்.

பிராங் புசார் இன்று இல்லை. 1990-களில் அந்த மண்ணில் புத்ராஜெயா எழுந்தது. தோட்டக் குடும்பங்கள் டிங்கிலுக்குக் குடிபெயர்க்கப்பட்டன. சுங்கை பூலோ சோதனை நிலத்தின் பெரும்பகுதியும் நகரமாகி வருகிறது. அங்கே 2016 முதல் எம்.ஆர்.டி. ரயில் ஓடுகிறது. 2013-இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அறுநூறின் மரபணுத் தொகுதியின் முதல் வரைவை வெளியிட்டார்கள். ஆயினும் புதிதாகக் கலந்த ஒரு கன்று நல்ல மரமா என்று முடிவுசெய்ய, அதை வளர்த்து, பல ஆண்டுகள் சீவி, மங்கில் விழுந்த பாலை இன்னமும் அளக்கத்தான் வேண்டியிருக்கிறது.