கேர்னலுக்குள் நுழைய ஒரு கையெழுத்து



புதிய பிரின்டர் ஒன்றை வாங்கினால், "டிரைவர் போட வேண்டும்" என்று கடைக்காரர் சொல்வார். அகுறணையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் கணினி வைத்திருக்கும் எவருக்கும் பழகிய சொல் இது. ஆனால் அந்த டிரைவரை எழுதுவது யார், அது சரியா என்று பார்ப்பது யார் என்று நாம் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு முப்பது வருடத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது.

டிரைவர் என்பது ஒரு சாதனத்தின் பாஷையைக் கணினிக்குப் புரிய வைக்கும் நிரல். சாதாரண மென்பொருள் பழுதானால் அதை மட்டும் மூடிவிடலாம். டிரைவர்களில் அநேகமானவையோ பணிசெயல் முறைமையின் கருவான கேர்னலுக்குள் ஓடுபவை. அங்கே ஒரு பிழை வந்தால் முழுக் கணினியும் நின்றுவிடலாம். கெட்ட நோக்கத்தோடு எழுதியிருந்தால் கணினியில் உள்ள அத்தனையும் அதன் கைக்குப் போய்விடும். வீட்டுச் சாவியை ஒருவரிடம் கொடுப்பதற்குச் சமமான காரியம் இது.

1991 இல் பின்லாந்தைச் சேர்ந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கேர்னலை வெளியிட்டார். உலகின் பல பக்கங்களிலிருந்தும் முன்பின் அறியாதவர்கள் டிரைவர் எழுதி அனுப்பத் தொடங்கினார்கள். யாரை நம்புவது? அவர்கள் கண்ட வழி, எல்லார் முன்னிலையிலும் வாசிப்பது. எழுதியவர் தன் நிரலைச் சிறு சிறு துண்டுகளாகப் பொது மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்புவார். அனுபவசாலிகள் வரி வரியாகக் கேட்பார்கள்: எடுத்த நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்தாயா? பாதி வழியில் தவறு நேர்ந்தால் என்ன செய்வாய்? வெளியிலிருந்து வரும் எண்ணைச் சரிபார்க்காமல் நம்புகிறாயா? திருத்தி, இரண்டாம் முறை, மூன்றாம் முறை அனுப்ப வேண்டும். பத்து முறை அனுப்பியவர்களும் உண்டு.

2003 இல் எஸ்சிஓ என்ற நிறுவனம், தனக்குச் சொந்தமான நிரல் லினக்ஸுக்குள் போயிருக்கிறது என்று ஐபிஎம் மீது வழக்குப் போட்டது. எந்த வரி யாரிடமிருந்து வந்தது என்று காட்ட வேண்டிய நிலை. அடுத்த வருடமே, 2004 இல், டோர்வால்ட்ஸ் ஒரு நடைமுறையைக் கொண்டுவந்தார். அனுப்புபவர் "சைன்ட்-ஓஃப்-பை" என்று தன் பெயரைப் போட வேண்டும். அதை வாங்கி மேலே கொடுப்பவரும் அதன் கீழே தன் பெயரைச் சேர்க்க வேண்டும். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரைப் படித்த நமக்கு இதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை. யார் சொன்னார், யாரிடம் கேட்டுச் சொன்னார் என்பது தெரியாத செய்திக்கு எடையில்லை.

இந்த வாசலில் பெரியவர், சிறியவர் என்ற பாகுபாடும் இல்லை. 2009 ஜூலையில் மைக்ரோசொப்ட் நிறுவனமே சுமார் 20,000 வரிகள் கொண்ட டிரைவர்களை லினக்ஸுக்குக் கொடுத்தது. அவை நேரே உள்ளே போகவில்லை. தரம் போதாத டிரைவர்களுக்கென்று 2008 இல் உருவான "ஸ்டேஜிங்" பகுதியில் வைத்துத் திருத்தப்பட்டன. அந்த நிறுவனத்தின் பொறியியலாளர் கே.வை. சிறினிவாசன் 2011 இல் வந்த ஒரே பதிப்புக்கு 300க்கும் மேற்பட்ட திருத்தங்களை அனுப்பினார்.

இந்த முறையும் ஏமாறாதது அல்ல. மறுபரிசீலனை செய்பவர்கள் கண்டுபிடிப்பார்களா என்று பார்க்க, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேண்டுமென்றே பிழையான திருத்தங்களை அனுப்பியிருந்தது 2021 இல் பெரும் சர்ச்சையானது. அந்தப் பல்கலைக்கழகத்தின் பங்களிப்புகள் நிறுத்தப்பட்டன. முன்னர் அங்கிருந்து வந்தவையும் மீண்டும் தேடி எடுத்துப் பரிசோதிக்கப்பட்டன. பெயர் இருந்ததால்தான் தேட முடிந்தது.

சரிபார்க்காத ஒன்றை உள்ளே விட்டால் என்ன நடக்கும் என்பதைக் கண்டி மாவட்டத்து மக்களாகிய நாம் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் தீ பரவிய நாட்களில், எழுதியவர் யாரென்று தெரியாத பதிவுகள் கைக்குக் கை போயின. நாட்டில் சமூக வலைத்தளங்களையே முடக்க வேண்டி வந்தது. அந்தப் பதிவுகளை அனுப்பியவர்களில் எத்தனை பேர் அதன் கீழே தன் பெயரைப் போடத் துணிந்திருப்பார்கள்?

இன்றைய கேர்னல் பராமரிப்பாளர் பட்டியலில் மணிவண்ணன் சதாசிவம் என்ற பெயரும் இருக்கிறது. அந்தப் பட்டியலுக்கு வழி காட்டுவது பணம் அல்ல, நிற்கக்கூடிய வேலை. பேராதனைப் பொறியியல் பீடத்தை பஸ்ஸில் கடந்துபோகும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். அந்த மின்னஞ்சல்கள் எல்லாம் இன்றும் பொதுவில் கிடக்கின்றன, காசில்லாமல் வாசிக்கலாம். எழுதுவதற்கு முன்னால் பிறருடைய நிரலை வாசித்துப் பிழை கண்டுபிடிக்கப் பழகட்டும். தாங்கள் அனுப்பும் எதற்கும் தங்கள் பெயரைப் போடவும் பழகட்டும்.